பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு எந்தப் பேட்டரி?

முகப்புத்தூண்:

நம் இணைய மன்றத்தின் சோலார் பேனல் திரியில் பேச்சு பேட்டரிக்குத் தாவிவிட்டது, அதனால் இது தனித் திரி.

பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர், தேவகோட்டை என்று நம் செட்டிநாட்டுப் பக்கத்துப் பெரிய வீடுகள் பலவும் ஆண்டில் பத்து மாதம் பூட்டித்தான் கிடக்கின்றன. பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில். படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு), கல்யாணம், கோயில் திருவிழா எல்லாம் சேர்ந்து 40 நாள் திறப்பு. அந்த நாள்களில் கரண்ட் போனால் தாங்க வேண்டியது: 30 வாட் ஃபேன் 18, 9 வாட் பல்பு 35, ஒரு ஃபிரிட்ஜ். சராசரி 1 கிலோவாட், 4 மணி நேரம். இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 4.4 யூனிட் வர வேண்டும். கிணற்று மோட்டார் இந்தக் கணக்கில் இல்லை.

கடையில் சொல்லும் 6000 சைக்கிள் (ஒருமுறை ஏற்றி இறக்கினால் ஒரு சைக்கிள்) கணக்கு இங்கே உதவாது. ஆண்டுக்கு 40 சைக்கிள் என்றால் 6000 தீர 150 ஆண்டு ஆகும். சும்மா கிடக்கும்போது எந்தப் பொருள் கெடாமல் இருக்கும், ஏன்? அதைப் பேசுவோம்.

ஈயப்பலகை:

டியூபுலர் லெட் ஆசிட். 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர், நான்கு, சீரீஸில். மொத்தம் 7.2 யூனிட். அதில் 4.4 எடுத்தால் 61 சதவீதம். இழுப்பது 23 ஆம்பியர், 10 மணி நேர ரேட்டிங்குக்குச் சற்று மேல், அதனால் கொள்ளளவு கொஞ்சம் சுருங்கும். 70 சதவீதம் என்றே வையுங்கள். ஆண்டுக்கு 40 தடவை 70 சதவீதம் இறக்குவது டியூபுலருக்குப் பெரிய வேலையே இல்லை. பாசிட்டிவ் பிளேட்டில் ஈயக் கம்பி, அதைச் சுற்றி பாலியெஸ்டர் குழாய், குழாய்க்குள் ஈய டை ஆக்சைடு. பொருள் உதிர்ந்து அடியில் சேறாகாது.

கெட்டால் பார்க்க ஊரிலேயே ஆள் உண்டு. ஆயுள் முடிந்தால் பழைய ஈயத்துக்கு எடைபோட்டுக் காசு வரும். லித்தியம் பெட்டியில் ஒரு பிஎம்எஸ் போர்டு (செல்களைக் கண்காணித்துக் காக்கும் சர்க்யூட்) போனால் பெட்டியையே தூக்கிக்கொண்டு வெளியூர் போக வேண்டும். பூட்டிய வீட்டுக்கு எளிமையான பொருள்தான் நல்லது.

இரும்புப்பாஸ்பேட்:

அண்ணே, ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு நீங்கள் சொல்வது அத்தனையும் சரி. பூட்டிய வீட்டில் முதலில் சாவது டியூபுலர்தான்.

பூட்டும்போது இரண்டு வழி இருக்கிறது. சார்ஜரைக் கழற்றிவிட்டுப் போகலாம். 27 டிகிரியில் மாதம் 3 முதல் 5 சதவீதம் தானாக இறங்கும், 10 டிகிரி கூடினால் ஏறத்தாழ இரட்டிப்பு. பங்குனியில் பூட்டினால் ஆடிக்குள் 12.4 வோல்ட்டுக்குக் கீழே போய்விடும். பிளேட்டில் உண்டாகும் ஈய சல்பேட் முதலில் மாவு மாதிரி நுண்படிகம், சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் கிடந்தால் சிறு படிகம் கரைந்து பெரிய படிகத்தின் மேல் போய் ஒட்டும். சீனிப்பாகு கற்கண்டாக இறுகுவது போலத்தான். கற்கண்டான பிறகு சார்ஜர் சீக்கிரமே 14.4 காட்டும், எல்லோரும் ஃபுல் என்று நினைப்பார்கள், ராத்திரி ஒரு மணி நேரத்தில் படுத்துவிடும்.

இல்லையென்றால் சார்ஜரை ஃப்ளோட்டில், அதாவது நிறைந்த பேட்டரி இறங்காதபடி சிறு வோல்ட்டில் தொடர்ந்து தாங்கும் நிலையில், விட்டுப் போகலாம். அப்போது தண்ணீர் பிரிந்து வாயுவாகப் போகும், மட்டம் இறங்கி பிளேட் வெளியே தெரியும், தெரிந்த பகுதி காய்ந்து செத்துவிடும். யார் வந்து தண்ணீர் ஊற்றுவது?

ஈயப்பலகை:

வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இல்லாத செட்டிநாட்டு வீடு உண்டா தம்பி? முற்றத்தில் சருகு கூட்ட வருகிறவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடி திறந்து பார்த்தால் போதும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

ஃப்ளோட்டை 13.5 இல் வைத்து வெப்ப ஈடு கொடுங்கள். ஒரு செல்லுக்கு ஒரு டிகிரிக்கு 3 மில்லிவோல்ட், ஆறு செல்லுக்கு 18. அறை 37 டிகிரி என்றால் 0.18 வோல்ட் குறைத்து 13.3 சொச்சம். நம்மூரில் பேட்டரி சீக்கிரம் வறண்டுபோக முதல் காரணம், 27 டிகிரிக்கு வைத்த ஃப்ளோட்டை சித்திரை வெயிலிலும் அப்படியே விடுவது. தொடர்ந்து ஃப்ளோட் வேண்டாம் என்றால் டைமர் போட்டு வாரத்துக்கு 4 மணி நேரம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹைட்ரோமீட்டரில் 24 செல்லின் ஆசிட் அடர்த்தியையும் பாருங்கள். ஃபுல் சார்ஜில் 1.240 இருக்க வேண்டும். ஒன்று மட்டும் 30 புள்ளி (0.030) பின்தங்கினால் ஈக்வலைஸ், அதாவது செல்கள் சமனாக வேண்டுமென்றே மிகைச் சார்ஜ்.

தண்ணீர் விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறெதுவும் கூடாது. காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் பேட்டரிக்கு விஷம். அதில் கரைந்த இரும்பும் குளோரைடும் உள்ளே போனால் வெளியே வர வழியே இல்லை. இரும்பு இரண்டு பிளேட்டுக்கும் நடுவே போய்வந்து சார்ஜைத் தின்னும், குளோரைடு பாசிட்டிவ் கம்பியை அரிக்கும்.

கண்டனூர்:

ஈக்வலைஸ் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டீர்கள் ஐயா. பூட்டிய அறையில் அதைச் செய்யக் கூடாது என்பதையும் கூடவே எழுத வேண்டும். ஒரு ஆம்பியர்-அவர் மிகைச் சார்ஜ் ஒரு செல்லில் சுமார் 0.42 லிட்டர் ஹைட்ரஜன் தரும். 24 செல், 5 ஆம்பியர் என்றால் மணிக்கு 50 லிட்டர். 10 அடிக்கு 10 அடி அறை, 10 அடி உயரம், ஏறத்தாழ 28 கன மீட்டர். கதவையும் சன்னலையும் சாத்தினால் ஐந்தரை மணி நேரத்தில் 1 சதவீதம். 4 சதவீதத்தில் பற்றும். அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். வாயு மேலே உத்தரத்தடியில்தான் முதலில் திரளும், நம் வீட்டு உத்தரம் பர்மா தேக்கு.

கடலுப்பு:

ஈயமா லித்தியமா என்று சண்டை போடுகிறீர்கள். கேள்வி சும்மா கிடப்பதைப் பற்றியது. அப்படியென்றால் விடை சோடியம்-அயான்.

லித்தியம் செல்லில் எதிர்முனைத் தகடு செம்பு. அலுமினியம் போட முடியாது, லித்தியம் அதோடு கலந்து உலோகக் கலவையாகிவிடும். செல் அடிமட்டத்துக்கு இறங்கினால் செம்பு கரையும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு ஊசி ஊசியாகப் படிந்து உள்ளுக்குள் ஷார்ட். சோடியம் அலுமினியத்தோடு கலக்காது. அதனால் இரண்டு முனைக்கும் அலுமினியமே, செல்லை 0 வோல்ட்டுக்கு இறக்கி இரண்டு முனையையும் இணைத்தே வைக்கலாம். ஃபாரடியான் நிறுவனம் செய்து காட்டியது இதைத்தான். அதை ரிலையன்ஸ் வாங்கியது.

லித்தியம் வீட்டில் என்ன நடக்கும் தெரியுமா? 51.2 வோல்ட் 100 ஆம்பியர்-அவர் பெட்டி, பாதிச் சார்ஜில் பூட்டுகிறார்கள். இன்வெர்ட்டரை அணைக்க மறந்தால் அதன் வெறும் ஓட்டமே 50 வாட், நாளுக்கு 1.2 யூனிட், இரண்டே நாளில் காலி. சரி, இன்வெர்ட்டரை அணைத்தாயிற்று. பிஎம்எஸ் 20 மில்லிஆம்பியர் தின்றுகொண்டே இருக்கும். மாதம் 14.4 ஆம்பியர்-அவர். 50 இருந்தது மூன்றரை மாதத்தில் தீர்ந்துவிடும். நான்காம் மாதம் செம்பு கரையத் தொடங்கும். வைகாசியில் பூட்டி தையில் திறந்தால் பெட்டி வெறும் எடைக்கல்.

இரும்புப்பாஸ்பேட்:

20 மில்லிஆம்பியர் கணக்கு சரி, தம்பி. அதை நான் மறுக்கவில்லை, எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) விற்கிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை. ஆனால் தீர்வு பொருளை மாற்றுவது இல்லை, ஃபியூஸைக் கழற்றுவது. பிஎம்எஸ்ஸில் ஷெல்ஃப் மோடு (பிஎம்எஸ்ஸையே உறங்க வைக்கும் நிலை) இருந்தால் அதையும் போட வேண்டும். ஃபியூஸ் பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் இருப்பதால் அது மட்டும் பிஎம்எஸ்ஸின் தீனியை நிறுத்தாது. ஷெல்ஃப் மோடு இல்லாத பெட்டியை இந்த மாதிரி வீட்டுக்கு வாங்கவே வேண்டாம்.

இப்போது சோடியத்துக்கு வருவோம். லேயர்டு ஆக்சைடு வகைச் சோடியம் செல்லின் வோல்ட்டேஜ் 4.0 முதல் 1.5 வரை சரிந்துகொண்டே போகும். 16 செல் என்றால் 64 முதல் 24. சந்தையில் உள்ள 48 வோல்ட் இன்வெர்ட்டர் பெரும்பாலும் 40 முதல் 60 வரைதான் ஏற்கும். 15 செல்லாகக் குறைத்து மேல் எல்லையை 60 ஆக்கினாலும், கீழே 42 இல் இன்வெர்ட்டர் நிற்கும்போது ஒரு செல் 2.8 வோல்ட். ஏறத்தாழ கால் பங்கு சார்ஜ் உள்ளேயே தங்கிவிடும், காசு கொடுத்து வாங்கியும் எடுக்க முடியாது.

இன்னொன்று முக்கியம். சும்மா கிடக்கும்போது எதிர்முனை மேல் படிந்த எஸ்இஐ தோல்தான் செல்லைக் காக்கிறது. சோடியம் செல்லில் அந்தத் தோலில் உள்ள உப்புகள் லித்தியத்தினுடையதை விட எளிதாக எலக்ட்ரோலைட்டில் கரையும். கரையக் கரையப் புதிதாகப் படியும், படியப் படிய சோடியம் செலவாகும். "சும்மா கிடக்க சோடியமே சிறந்தது" என்று பொதுவாகச் சொல்ல முடியாது. 0 வோல்ட்டில் பத்திரம் என்பது ஒரு விஷயம். பாதிச் சார்ஜில், 38 டிகிரியில், எட்டு மாதம் பத்திரம் என்பது வேறு விஷயம்.

கடலுப்பு:

லேயர்டு ஆக்சைடை வைத்து மொத்தச் சோடியத்தையும் தள்ளாதீர்கள். சோடியம்-இரும்பு பாஸ்பேட்-பைரோபாஸ்பேட், என்எஃப்பிபி என்பார்கள். இரும்பும் பாஸ்பேட்டும்தான், நிக்கல் இல்லை, வனேடியம் இல்லை. சராசரி 3 வோல்ட்டை ஒட்டி வரும், 2.5 வோல்ட்டுக்கு மேலேயே பெரும்பகுதி சார்ஜ் வெளியே வந்துவிடும். 16 செல் போட்டால் உங்கள் 40 முதல் 60 இன்வெர்ட்டரிலேயே உட்காரும். எடை கூடும்தான். வீட்டு மூலையில் உட்காரும் பெட்டிக்கு எடை என்ன பொருட்டு?

தோல் கரைவது உண்மை. அதனால்தான் 0 வோல்ட் என்கிறேன். பாதிச் சார்ஜில் வைக்கும் தேவையே இதற்கு இல்லை.

நம் மண்ணுக்கும் இதில் பங்கு இருக்கிறது. எதிர்முனைக்கு வேண்டியது ஹார்டு கார்பன். ஜப்பானில் குராரே தேங்காய்ச் சிரட்டையிலிருந்தே செய்கிறது. சிவகங்கை, ராமநாதபுரம் முழுக்கச் சீமைக்கருவேலம், மூட்டம் போட்டுக் கரி விற்கிற ஊர் நம்முடையது. அந்தக் கரி ஏன் பேட்டரிக்குப் போகக் கூடாது?

ஈயப்பலகை:

ஆசை நல்ல ஆசை தம்பி, மூட்டக் கரி அப்படியே ஆகாது. மூட்டத்தில் 500 டிகிரி பக்கம்தான் வரும். கார்பன் அடுக்குகள் சோடியம் நுழையும் அளவுக்கு அமைய ஆர்கானில் 1200 முதல் 1400 டிகிரி மறுசூடு வேண்டும். அதற்கு முன் ஹைட்ரோகுளோரிக் ஆசிடில் கழுவி, சாம்பலில் உள்ள கால்சியமும் பொட்டாசியமும் போக வேண்டும். கருவேலத்தில் கால்சியம் கூடுதல், சிரட்டையில் சாம்பலே கொஞ்சம்தான். கழுவாமல் சுட்டால் அந்த உப்புகளே துளைகளைப் பெருக்கிவிடும், மேற்பரப்பு கிராமுக்கு 10 சதுர மீட்டருக்கு மேல் போனால் முதல் சார்ஜிலேயே சோடியத்தில் கணிசமான பங்கு தோலாகப் படிந்து வீணாகும். அடுப்புக்கு நல்ல கரி நிறைய துளையோடு சடசடவென்று எரிவது. பேட்டரிக்கு வேண்டியது துளை மூடிய கரி.

கண்டனூர்:

சோடியத்தின் பொருளாதாரக் காலும் ஆடிவிட்டது. 2022 நவம்பரில் லித்தியம் கார்பனேட் டன்னுக்கு 6 லட்சம் யுவானை நெருங்கியபோது எல்லோரும் சோடியத்தைத் தேடினார்கள். 2024 தொடக்கத்தில் அது 1 லட்சத்துக்குக் கீழே. அமெரிக்காவில் நாட்ரான் என்ற சோடியம் பேட்டரி நிறுவனம் 2025 செப்டம்பரில் கடையை மூடிவிட்டது. சீனாவில் சிஏடிஎல் நிறுவனம் 2025 ஏப்ரலில் கிலோவுக்கு 175 வாட்-அவர் என்று நாக்ஸ்ட்ரா சோடியம் பேட்டரியை அறிவித்தது. தொழில்நுட்பம் சாகவில்லை. ஆனால் காரைக்குடியில் வாங்கி, பழுதானால் அதே ஊரில் மாற்றும் பொருளாக அது இன்னும் வரவில்லை.

நான் கேட்பது இன்னும் அடிப்படையானது. 40 நாளுக்கு எதற்குப் பேட்டரி? 3 கிலோவாட் ஆன்-கிரிட் சோலார் (பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு நேரே இணைவது) போடுங்கள். மத்திய அரசின் பிஎம் சூர்யகர் திட்டத்தில் மானியம் 78,000 ரூபாய் வரும், பேனலும் அதிலுள்ள செல்லும் உள்நாட்டில் செய்ததாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நாளுக்கு 12 யூனிட் பக்கம் கிரிட்டுக்குப் போகும். கல்யாணம் என்றால் டீசல் ஜெனரேட்டர் எப்படியும் வாடகைக்கு வரும். மீதி 30 நாளுக்கு வாசலில் கயிற்றுக் கட்டில்.

முகப்புத்தூண்:

ஆச்சி, ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் கரண்ட் போன 2 விநாடிக்குள் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியர் உயிருக்காக வைத்த விதி, அது அப்படித்தான் இருக்க வேண்டும். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்கள் பல நாள் இருட்டில் கிடந்தன. அப்போது மாடி நிறையப் பேனல் இருந்தாலும் ஒரு பல்பு எரிந்திருக்காது. உபயோகமே இல்லாத வீட்டிலிருந்து கிரிட்டுக்குப் போகும் யூனிட்டுக்குக் கிடைக்கும் விலையும் குறைவு. படைப்புக்கு வரும் வயதானவர்களைக் கட்டிலில் படுக்கச் சொல்லவும் முடியாது.

ஓட்டுக்கூரை:

பேனலையும் இரண்டு வரி பேச வேண்டும், அதுவும் சும்மாதானே கிடக்கப்போகிறது.

நாட்டு ஓட்டின் மேல் வைக்காதீர்கள், ஓடு நொறுங்கும், கீழே சட்டம் நனையும். மெட்ராஸ் டெரஸில் துளை போடாதீர்கள், செங்கலும் சுண்ணாம்பும் ஆணியைப் பிடிக்காது, போட்ட துளை வழியாக ஐப்பசியில் தேக்கு உத்தரத்துக்கு நீர் இறங்கும். எடைக்கல் வைத்த சட்டகம், பாரம் சுவர்த் தலையில் இறங்கும்படி.

வெயிலில் செல் 65 டிகிரி போகும், பேனலின் வாட்டை அளக்கும் 25 டிகிரியை விட 40 கூடுதல். சிலிக்கான் பேனல் வகைகளில் பெர்க் டிகிரிக்கு 0.35 சதவீதம் இழக்கும், அதாவது 14. டாப்கான் 0.30, அதாவது 12. எச்ஜேடி 0.25, அதாவது 10. டாப்கான் போதும், ஆனால் இரண்டு பக்கமும் கண்ணாடியா, உள்ளே ஒட்டும் படலம் பிஓஇயா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண ஈவிஏ ஈரத்தில் அசிட்டிக் ஆசிட் விடும், டாப்கானின் முன்பக்க வெள்ளிக் கோடுகள் அதைத் தாங்காது. பூட்டிய வீட்டில் புறா எச்சம் ஒரு செல்லை மூடினால் துடைக்க ஆள் இல்லை, அந்தச் செல் சூடேறிப் பழுப்பாகும். சாய்வு 10 டிகிரிக்குக் குறையாமல் வைத்தால் மழை பாதியைக் கழுவும்.

பெரோவ்ஸ்கைட் என்ற புதுவகைச் சோலார் பொருளுக்குக் காத்திருக்கலாமா என்று பேனல் திரியில் கேட்டார்கள். 2009 இல் ஜப்பானில் மியாசகா குழு வெயிலில் 3.8 சதவீதத்தை மின்சாரமாக்கித் தொடங்கியது. சிலிக்கான் மேல் பெரோவ்ஸ்கைட் அடுக்கி 2024 இல் லோங்கி 34.6 தொட்டது. சிலிக்கான் தனியாக 29.4 ஐத் தாண்டவே முடியாது. ஆக்ஸ்போர்டு பிவி 24.5 சதவீதப் பேனலை 2024 செப்டம்பரில் அனுப்பவும் தொடங்கிவிட்டது. இந்தத் திரிக்குப் பொருந்தும் சங்கதி வேறு. பெரோவ்ஸ்கைட்டில் அயோடைடு அயனி இடம்விட்டு இடம் நகரும். மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கும் செல்லை விட, வெயிலில் நின்றபடி எதுவும் எடுக்கப்படாத செல்தான் விரைவாகக் கெடுகிறது. இன்வெர்ட்டரை அணைத்துப் பூட்டிய வீட்டில் பேனல் பத்து மாதமும் அந்த நிலையில்தான் நிற்கும். நம் வீட்டுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

முகப்புத்தூண்:

எல்எஃப்பி பக்கம் சாய்கிறேன், ஆனால் தீப் பயம் போகவில்லை. வீடு முழுக்கத் தேக்கு. "எல்எஃப்பி எரியாது" என்கிறார்களே, உண்மையா?

இரும்புப்பாஸ்பேட்:

எரியாது என்று சொல்வது தவறு, எளிதில் பற்றாது என்பது சரி. இரும்பு பாஸ்பேட்டில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு இறுகப் பிணைந்திருக்கிறது, சூட்டிலும் விடுபடாது. கோபால்ட், நிக்கல் ஆக்சைடுகளில் விடுபட்டுத் தானே தீக்கு ஊட்டும். பாஸ்பேட், சல்பேட் மாதிரித் தொகுதிகளை வைத்து இரும்பிலேயே நல்ல வோல்ட்டேஜ் எடுக்கலாம் என்பதற்கு 1980களின் கடைசியில் வழிபோட்டவர்கள் ஜான் குட்இனஃப், ஆறுமுகம் மந்திரம் என்ற இரு விஞ்ஞானிகள். மதுரைப் பல்கலைக்கழகத்தில் படித்த அதே ஆறுமுகம் மந்திரம்தான் 2019 இல் குட்இனஃப் சார்பில் நோபல் உரை நிகழ்த்தினார். 1997 இல் அக்ஷய பாதி, நஞ்சுண்டசாமி, குட்இனஃப் மூவரும் எல்எஃப்பியை வெளியிட்டார்கள். வேதியியல் பக்கம் நம்பலாம். ஆனால் செல் சூடேறி வால்வு திறந்தால் வெளியே வருவது ஹைட்ரஜனும் கரைப்பான் ஆவியும், ஒரு பொறி பட்டால் பற்றும். அதனால் உத்தரத்தடியில் வேண்டாம், மாடி அறையில் வேண்டவே வேண்டாம். இரண்டாங்கட்டுக்குப் பின்னால் சுண்ணாம்புச் சுவர் அறை, தரைமட்டம், மேலே வெளியேறும் சன்னல். அங்கே வெயிலும் எட்டாது. மாடி அறைக்கும் அதற்கும் உள்ள 10 டிகிரி வித்தியாசம் ஆயுளை ஏறத்தாழ இரட்டிப்பாக்கும்.

டிசி பிரேக்கரையும் பாருங்கள். ஏசி எம்சிபியை டிசியில் போட்டால் பிரிக்கும்போது உண்டாகும் மின்வில் அணையாது, பிளாஸ்டிக் உருகும்.

கடலுப்பு:

சரி, 0 வோல்ட்டை ஒதுக்கி வைக்கிறேன். எல்எஃப்பி தானாக இறங்குவதைச் சொல்லுங்கள். கனடாவில் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் மெட்ஸ்கர், டான் குழுக்கள் கண்டது நினைவிருக்கிறதா? சூட்டில் வைத்த செல்லைப் பிரித்தால் நிறமற்ற எலக்ட்ரோலைட் சிவப்பாக மாறியிருந்தது. தேடிப் போனால், உள்ளே சுருளை ஒட்டிய பிஇடி டேப் கரைந்து டைமெத்தில் டெரெப்தாலேட் ஆகி, இரண்டு முனைக்கும் நடுவே ஓடி ஓடிச் சார்ஜைக் கரைத்திருக்கிறது. குளிர்பானப் பாட்டில் பிளாஸ்டிக், அவ்வளவுதான். வாங்குகிறவருக்கு உள்ளே எந்த டேப் என்று எப்படித் தெரியும்?

இரும்புப்பாஸ்பேட்:

தெரியாது, ஆனால் சோதிக்கலாம். வாங்கிய உடனே ஃபுல் ஏற்றி, கொள்ளளவை அளந்து குறித்துக்கொள்ளுங்கள், 101 ஆம்பியர்-அவர் என்று வையுங்கள். மறுபடி ஃபுல். ஷெல்ஃப் மோடு, ஃபியூஸ் வெளியே, 30 நாள். பிறகு இறக்கி அளந்து பாருங்கள். 98 வந்தால் நல்லது. 94 வந்தால், மீண்டும் ஏற்றி அளந்து பாருங்கள். 101 திரும்பினால் உள்ளே ஏதோ ஒன்று டேப் மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது, 95 இலேயே நின்றால் லித்தியம் நிரந்தரமாகச் செலவாகிறது. இரண்டிலும் உத்தரவாதக் காலத்துக்குள் திருப்பிக் கொடுங்கள். வோல்ட் மீட்டரை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, எல்எஃப்பி கோடு 20 முதல் 90 சதவீதம் வரை கிட்டத்தட்டப் படுகிடை.

அதே காரணத்தால் பூட்டும்போது பாதி என்பதையும் வோல்ட்டில் பார்க்காதீர்கள். ஃபுல் ஏற்றி, 20 ஆம்பியரில் இரண்டரை மணி நேரம் இறக்குங்கள். ஏன் பாதி? 60, 70 சதவீதத்துக்கு மேல் போனால் கிராஃபைட் எதிர்முனையின் மின்னழுத்தம் ஒரு படி இறங்குகிறது, தோல் தடிப்பது வேகமாகிறது.

கண்டனூர்:

அப்படியென்றால் ஃபியூஸைக் கழற்றாமல் சோலார் கன்ட்ரோலரை 52.8 வோல்ட்டில் நிறுத்தி வைத்தால், பிஎம்எஸ் தீனியையும் பேனலே பார்த்துக்கொள்ளுமே?

இரும்புப்பாஸ்பேட்:

முடியும் ஆச்சி, செல்லுக்கு 3.30. ஆனால் கன்ட்ரோலர் அளவீடு அரை வோல்ட் தவறினாலே செல்லுக்கு 30 மில்லிவோல்ட் கூடி, வாரக்கணக்கில் மெல்ல 90 சதவீதத்துக்கு ஏறிவிடும். தவிர ஐப்பசி இடிக்கு மாடியிலிருந்து நேரே பேட்டரிக்கு ஒரு பாதை திறந்தே இருக்கும், பார்க்க ஆள் இருக்காது. நான் கழற்றச் சொல்வேன்.

பெரும்பாலும் கோட்டைவிடுவது திறக்கும்போதுதான். 16 செல்லும் எட்டு மாதத்தில் ஆளுக்கொரு வேகத்தில் இறங்கியிருக்கும். பிஎம்எஸ் சமன் செய்வது 3.4 வோல்ட்டுக்கு மேலேதான், அதுவும் 50 முதல் 100 மில்லிஆம்பியரில். 2 ஆம்பியர்-அவர் வித்தியாசம் சமனாக 20 முதல் 40 மணி நேரம். கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை வந்து 58.4 வோல்ட் வைத்து 50 ஆம்பியர் தள்ளினால், 15 செல் 3.40 இல் நிற்க ஒன்று மட்டும் 3.65 தொடும், பிஎம்எஸ் துண்டிக்கும், இன்வெர்ட்டர் ஓவர் வோல்டேஜ் என்று அணையும். பேட்டரி கெட்டுவிட்டது என்று எல்லோரும் முடிவுகட்டுவார்கள். கெடவே இல்லை, அவசரம்தான். நான்கு நாள் முன்னால் ஆள் போக வேண்டும். எந்தச் செல்லாவது 2 வோல்ட்டுக்குக் கீழே கிடந்தால் சார்ஜே போடக் கூடாது. எல்லாம் 3.2க்கு மேல் என்றால் 10 ஆம்பியரில் 55.2 வரை, பிறகு 56.0 இல் இரண்டு இரவு.

ஈயப்பலகை:

நாலு நாள் முன்னால் ஆள் போக வேண்டும் என்றால், என் டியூபுலருக்கும் அதே ஆள்தானே தம்பி வேண்டும்?

இரும்புப்பாஸ்பேட்:

அதே ஆள்தான் அண்ணே. ஒரு வித்தியாசம், உங்களுடையதில் அவர் ஒரு தடவை வராமல் போனால் பிளேட் போச்சு. இதில் ஷெல்ஃப் மோடு போட்டிருந்தால் ஒரு தடவை தவறினாலும் தாங்கும். பெட்டியும் 50 கிலோவுக்குள், உங்கள் நான்கும் 200ஐத் தாண்டும்.

ஈயப்பலகை:

ஒரு தடவை தவறும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஷெல்ஃப் மோடை யார் போடுவது? மொபைல் செயலி, புளூடூத், பாஸ்வேர்டு என்று அது பங்காளிகளில் ஒருவர் கையில் சிங்கப்பூரில் இருக்கும்.

இரும்புப்பாஸ்பேட்:

நியாயமான கேள்வி. செயலியில் மட்டும் போடக்கூடிய பெட்டி வேண்டாம், முன்பக்கம் பொத்தான் உள்ளதை வாங்குங்கள். அழுத்தி விளக்கு அணைந்ததைப் பார்த்த பிறகு 125 ஆம்பியர் டிசி ஃபியூஸைக் கழற்றி, அன்றைய தேதியும் இறக்கிய ஆம்பியர்-அவரும் எழுதிய அட்டையோடு கட்டி, வீட்டுச் சாவிக்கொத்திலேயே மாட்டிக் கொடுத்துவிடுங்கள். அடுத்துக் கதவைத் திறக்கிறவர் கையில் அது இருக்கும்.